தந்திக்கு முன்பே நின்ற தறிகள்

திருவிதாங்கூர் முடியாட்சி எப்படி முடிந்தது என்று நாகர்கோவிலிலோ தக்கலையிலோ கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் ஒரே கதைதான் கிடைக்கும். மகாராஜா நல்லவர், கோவில் கதவுகளைத் திறந்துவிட்டவர். திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் கெட்டிக்காரர், ஆனால் பிடிவாதக்காரர். 1947இல் திருவிதாங்கூரைத் தனி நாடாக்கப் பார்த்தார். டெல்லியில் படேலும் வி.பி. மேனனும் மவுண்ட்பேட்டனும் எடுத்துச் சொன்னார்கள். ஜூலை 25 இரவு ஓர் இளைஞர் திவானை வெட்டினார். ஐந்தாம் நாள் மகாராஜா இந்தியாவோடு இணையச் சம்மதித்துத் தந்தி கொடுத்தார். திவான் ஊரைவிட்டுப் போனார். ரத்தம் சிந்தாமல் ராஜ்ஜியம் கைமாறியது.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 1946 அக்டோபரில் ஆலப்புழைப் பக்கம் கயிற்றுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கம்யூனிஸ்டுகள் அவர்களைத் தூண்டிவிட்டுத் துப்பாக்கிக்கு முன்னால் நிறுத்தினார்கள், நூற்றுக்கணக்கானோர் வீணாகச் செத்தார்கள், திவானின் அதிகாரம் கூடியதே தவிரக் குறையவில்லை என்பார்கள். அரிசிக்கு நாடு தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் வேலையை நிறுத்தியதே பாவம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டையும் நான் மறுக்கிறேன். கதையில் வரும் மகாராஜாவும் திவானும் தந்தியும் வெட்டும் பொய்யல்ல. அவற்றை அடுக்கிய வரிசை பொய். 1947 ஜூலையில் ஓர் அரசு ஐந்தே நாளில் பணிந்தது என்றால், அதைத் தாங்கியிருக்க வேண்டிய மனிதர்கள் அதற்கு முன்பே அதைக் கைவிட்டிருந்தார்கள் என்று பொருள். அந்தக் கைவிடுதலை ஊரறியச் செய்தவர்கள் ஆலப்புழை, சேர்த்தலை, அம்பலப்புழை வட்டங்களின் கயிற்றுத் தொழிலாளர்களும் மீனவர்களும் வயல் கூலிகளும். போரும் போர் விட்டுச்சென்ற பஞ்சமும் சேர்ந்த காலத்தில் ஒரு வேலைநிறுத்தம் சிங்காதனத்தை எப்படித் தளர்த்தும் என்பதற்கு நம் கண்ணெதிரே உள்ள சான்று இது. இன்று நம் குமரி மாவட்டமாக இருக்கும் நான்கு பழைய வட்டங்களும் 1956 அக்டோபர் 31 வரை அதே திருவிதாங்கூர் நிலத்தில்தான் இருந்தன. எனவே இது பக்கத்து மாநிலத்துச் சங்கதி அல்ல.

போர் அரசர்களைத் தானாக வீழ்த்துவதில்லை

முதலில் ஒரு பொதுவான எண்ணத்தை எதிர்கொள்வோம். பெரும் போர்கள் முடியாட்சிகளை விழுங்கும், தொழிலாளர்கள் செய்தாலும் செய்யாவிட்டாலும் அவை விழத்தான் போகின்றன என்று சொல்கிறார்கள். 1917இல் ரஷ்யாவில் ஜாரும் 1918இல் ஜெர்மனியில் கைசரும் ஆஸ்திரியப் பேரரசரும் போனதை எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அதே முதல் உலகப்போரில் பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜ் தப்பித்தார். அங்கும் சாவு, அங்கும் தட்டுப்பாடு, 1917 மே மாதத்தில் அங்கும் எஞ்சினியரிங் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அங்கே பழியைச் சுமக்க ஒரு மந்திரிசபை இருந்தது. கோபம் பிரதமரோடு நின்றுவிட்டது.

ரஷ்யாவில் அப்படித் தடுத்து நிறுத்த யாருமில்லை. எல்லா அதிகாரமும் ஒருவர் கையில், 1915 முதல் படைத்தலைமையும் அவரிடம். 1917 பிப்ரவரி 22 அன்று பெத்ரோகிராடின் பூத்திலோவ் ஆலை கதவடைப்புச் செய்தது. பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 23ஆம் தேதி மகளிர் நாள். வைபர்க் பகுதியின் நெசவாலைப் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்து பக்கத்து ஆலைகளின் ஆண்களையும் அழைத்தார்கள். அவர்கள் கேட்டது ரொட்டி. 25ஆம் தேதி நகரமே நின்றது. மறுநாளே அடக்குங்கள் என்று போர்முனைத் தலைமையகத்திலிருந்து ஜார் தந்தி கொடுத்தார். 26 அன்று படை சுட்டது. 27 காலை, சுட்ட படைப்பிரிவுகளில் ஒன்றான வொலின்ஸ்கி ரெஜிமெண்டே கலகம் செய்தது. மார்ச் 2 அன்று நிக்கோலாய் முடி துறந்தார்.

கடைசியில் மாறியது படைதானே, தொழிலாளர்களுக்கு என்ன பெருமை என்று கேட்பவர்கள் உண்டு. படை மாறியது எப்போது? தொழிலாளரைச் சுட்டுவிட்டு வந்த இரவில். சுடச் சொல்லும் நிலைக்கு அரசைக் கொண்டுவந்தது வேலைநிறுத்தம். ரொட்டி கேட்டவளைச் சுடும்போது சிப்பாய்க்கும் தெரிந்துவிடுகிறது, தான் எதைக் காக்கிறோம் என்று.

போர் மூன்று காரியங்களைச் செய்கிறது. தானியம், விலை, வண்டி, எரிபொருள் எல்லாவற்றையும் அரசின் கையில் கொண்டுவந்து சேர்க்கிறது. அதனால் பசிக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. ஆலையும் துறைமுகமும் ரயிலும் ஒருநாள் நின்றாலும் தாங்காது என்ற நிலையை உண்டாக்குகிறது. அதனால் உழைப்பவனின் கைக்கு முன்னில்லாத கனம் வருகிறது. அடக்குமுறைச் சட்டங்களை அரசிடம் கொடுத்து, வேறு வழியில் பேசும் பழக்கத்தை அதனிடமிருந்து பறிக்கிறது. இந்த மூன்றும் வெறும் வாய்ப்புகள். அவற்றைச் செயலாக்குவது மனிதர்களின் முடிவு.

அரிசி வந்த வழி அடைபட்டபோது

இனித் திருவிதாங்கூருக்கு வருவோம். நம் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் அந்த நாட்டின் நெற்களஞ்சியம் என்று பெருமையாகச் சொல்கிறோம். பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் அந்தப் பெருமைக்கு 1906க்குப் பின் இன்னும் வலு சேர்த்தது. ஆனால் நாஞ்சில் நாட்டு நெல்லும் குட்டநாட்டு நெல்லும் சேர்ந்தாலும் திருவிதாங்கூரின் வயிறு நிறையாது. தென்னையும் ரப்பரும் தேயிலையும் மிளகும் விற்று, பர்மா அரிசி வாங்கிச் சாப்பிட்ட நாடு அது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். அரிசி வந்த கடல்வழி அடைபட்டது.

அடி முதலில் விழுந்த இடம் வயலில்லாத கடற்கரை வட்டங்கள். சேர்த்தலையில் கயிறு திரிப்பவனுக்கு வீட்டில் நெற்குதிர் கிடையாது. வாரக்கூலியில்தான் அரிசி. மரச்சீனிக் கிழங்கு கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். கிடைக்காதவர்களைப் பசியும் காலராவும் கொண்டுபோயின. அதே நேரத்தில் கப்பல் இல்லாமல் கயிற்றுப்பாய் ஏற்றுமதி முதலில் விழுந்தது, பிறகு ராணுவத் தேவைக்காக எழுந்தது. வேலை கிடைத்தபோது விலை ஏறியிருந்தது. பங்கீட்டுக் கடை வந்தது. அளந்து கொடுப்பதும் சர்க்கார், அளவைக் குறைப்பதும் சர்க்கார். 1945 ஆகஸ்டில் உலகப்போர் முடிந்தது. பங்கீடும் பற்றாக்குறையும் முடியவில்லை. 1946 அக்டோபரிலும் ஆலப்புழையின் உலையில் போர்க்காலம் கொதித்துக்கொண்டிருந்தது.

இங்கேதான் அந்தக் கடுமையான குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். நாடு பட்டினி கிடக்கும்போது வேலையை நிறுத்துவது துரோகம் என்கிறார்கள். பட்டினி கிடந்த நாடு எது? வேலையை நிறுத்தியவர்களின் வீடுகள்தான் அந்த நாடு. 1942 முதல் 1945 வரை, பாசிசத்துக்கு எதிரான மக்கள் போர் என்ற கட்சி நிலைப்பாட்டை ஏற்று, கம்யூனிஸ்டுகள் வழிநடத்திய சங்கங்கள் வேலைநிறுத்தங்களைக் கட்டுப்படுத்தி வைத்தன. உணவுக் குழுக்களில் வேலை செய்தன, பதுக்கலைக் காட்டிக்கொடுத்தன. அந்தப் பொறுமைக்கு அவர்கள் தங்கள் செல்வாக்கையே விலையாகக் கொடுத்தார்கள். போர் நடந்தவரை அடங்கி நின்றவர்களைப் பார்த்து, பஞ்சத்தில் முதுகில் குத்தினார்கள் என்று சொல்வது அநியாயம். மூன்றாண்டுப் பொறுமைக்குப் பின்னும் அரிசி வரவில்லை, உரிமையும் வரவில்லை. வேறு எந்தக் கருவி அவர்கள் கையில் இருந்தது?

கூலிக்காகத்தான் என்ற வாதம்

வேலைநிறுத்தம் கூலிக்கும் போனஸுக்கும்தான், அரசியல் வெளியிலிருந்து ஏற்றப்பட்டது என்பது அடுத்த வாதம். படிக்காத கயிற்றுக்காரனுக்கு அரசியலமைப்பு எப்படிப் புரியும் என்ற இளக்காரம் இதற்குள் இருக்கிறது.

ஆலப்புழையின் கயிற்றுத் தொழிற்சாலைகளுக்கு 1859இல் ஜேம்ஸ் டாரா தொடங்கிய ஆலையிலிருந்து வரலாறு உண்டு. அங்கே 1922இலேயே வாடப்புறம் பி.கே. பாவா என்ற தொழிலாளி முன்நின்று திருவிதாங்கூர் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். மூப்பன் என்ற மேஸ்திரி வழியாக வேலை, அவன் வழியாகவே கூலி, அபராதப் பிடித்தம் என்ற முறையை எதிர்த்துப் பழகிய சங்கம் அது. வாசகசாலை நடத்தியது, இரவுப் பள்ளி நடத்தியது. 1938 அக்டோபரில் ஆலப்புழைத் தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்தபோதே கூலிக் கோரிக்கைகளோடு, சட்டசபைக்குப் பதில் சொல்லும் அரசு என்ற பொறுப்பாட்சிக் கோரிக்கையும் இருந்தது. அந்தக் கோரிக்கைக்காகவே அந்த ஆண்டு பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் பிறந்திருந்தது. ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. அக்டோபர் 23 அன்று அக்காம்மா செறியான் தலைமையில் திருவனந்தபுரத்தில் பெருங்கூட்டம் திரண்டது. சிறையிலிருந்த காங்கிரஸ் தலைவர்கள் விடுதலையானார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்கள் தனித்து விடப்பட்டார்கள். அரசியல் என்றால் என்ன, யார் எதுவரை கூட வருவார்கள் என்பதை அவர்கள் எட்டாண்டுகள் முன்பே தங்கள் தோலில் படித்துவிட்டார்கள்.

1946 தொடக்கத்தில் சர் சி.பி. ஓர் அரசியல் சீர்திருத்தத் திட்டத்தை வெளியிட்டார். வயது வந்த எல்லோருக்கும் வாக்கு, தேர்ந்தெடுத்த சட்டசபை எல்லாம் அதில் இருந்தன. நிர்வாகம் மட்டும் திவான் கையில். சட்டசபையால் அவரை அசைக்க முடியாது. அமெரிக்க ஜனாதிபதி முறையைக் காட்டி இதற்கு அமெரிக்கன் மாடல் என்று பெயர் சொன்னார்கள். ஜனாதிபதியை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், திவானை மகாராஜா நியமிக்கிறார் என்ற வேறுபாடு யாருக்கும் புரியாமலில்லை. அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில் என்ற முழக்கம் ஆலப்புழையில் எழுந்தது.

திவான் முத்தரப்பு மாநாடு கூட்டினார். கூலி, போனஸ் விஷயங்களில் இறங்கிவர அவர் தயாராக இருந்தார். அரசியல் கோரிக்கைகளைக் கைவிட வேண்டும் என்பதே நிபந்தனை. டி.வி. தாமஸ் போன்ற சங்கத் தலைவர்கள் மறுத்தார்கள். கூலிக்காக மட்டும் நடந்த போராட்டம் என்றால் அது அந்த மேசையிலேயே முடிந்திருக்கும். அரைவயிற்றுக் கஞ்சி குடிக்கும் ஒரு கூட்டம், கையில் வைத்த போனஸைத் தள்ளிவிட்டுத் திவான் ஆட்சி ஒழிய வேண்டும் என்று நின்றது. இதைவிடத் தெளிவான அரசியல் தீர்மானம் அந்த நூற்றாண்டில் திருவிதாங்கூரில் எந்த மாளிகையிலும் எடுக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இதற்குக் காரணம் திவானே அமைத்த அமைப்பு. யாரும் மாற்ற முடியாத ஒருவர் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார் என்றால், அரிசிப் பங்கைக் கூட்டிக் கேட்பதும் அவரிடம்தான், சங்கம் வைக்கும் உரிமை கேட்பதும் அவரிடம்தான். இடையில் ஒரு மந்திரி இல்லை, மாற்றிப்போட ஒரு கட்சி இல்லை. கூலிக் கோரிக்கையும் நேரே சிங்காதனத்தின் படியில் போய் முட்டும். சுசீந்திரம் தேர் எத்தனை உயரமாய் இருந்தாலும் வடம் பிடித்தவர்கள் கையை எடுத்தால் நின்ற இடத்தில் நிற்கும். வடம் பிடிப்பவர்களைக் கேட்காமலே தேரை ஓட்டலாம் என்று திவான் நம்பினார்.

தோற்ற வேலைநிறுத்தமா?

1946 அக்டோபர் 22 அன்று திருவிதாங்கூர் தொழிற்சங்கக் காங்கிரஸ் அழைத்த பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. கயிற்றுத் தறிகள் நின்றன. வள்ளக்காரர்களும் மீனவர்களும் தென்னையேறுவோரும் வயல் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். 24ஆம் தேதி மகாராஜாவின் பிறந்தநாள். அன்று புன்னப்புராவில் போலீஸ் முகாமை நோக்கி ஊர்வலம் போனது. அங்கே நடந்த மோதலில் தொழிலாளர்களும் போலீஸாரும் செத்தார்கள். 25 அன்று ராணுவச் சட்டம். நடவடிக்கைக்குத் திவானே நேரில் பொறுப்பேற்றார். 26 அன்று மாராரிக்குளத்தில் சூடு. 27 அன்று மூன்று பக்கம் தண்ணீர் சூழ்ந்த வயலாருக்குப் படகுகளில் பட்டாளம் போய் இறங்கியது. பாக்குமரத்தைச் சீவிச் செய்த வாரிக்குந்தங்களோடு நின்றவர்கள்மீது இயந்திரத் துப்பாக்கி பாய்ந்தது. செத்தவர்களை யாரும் முறையாக எண்ணவில்லை. பல உடல்கள் மொத்தமாக எரிக்கப்பட்டன. சங்கங்கள் தடை செய்யப்பட்டன.

தோல்வி என்று சொல்பவர்களுக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். குந்தத்தோடு மனிதர்களை இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் நிற்கவிட்ட பொறுப்பிலிருந்து தலைமை தப்ப முடியாது. படை நம் பக்கம் வரும் என்ற கணக்குத் தப்பிப்போயிற்று. பெத்ரோகிராடின் சிப்பாய் விவசாயிகளிடமிருந்து போருக்காகப் பிடித்துவரப்பட்டவன். திருவிதாங்கூர்ப் பட்டாளம் சிறியது, சம்பளம் வாங்குவது, ஈழவரும் புலையரும் லத்தீன் கத்தோலிக்க மீனவருமான அந்தத் தொழிலாளர்களோடு சாதியாலும் ஊராலும் ஒட்டாதது. இந்த வேறுபாட்டைத் தலைவர்கள் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

ஆனால் தொழிலாளர் முகாம்களின் ஆயுத எதிர்ப்பு தோற்றதையும் வேலைநிறுத்தம் செய்த அரசியல் வேலையையும் ஒன்றாகக் கட்டி எறிவது தவறு. ஜெர்மனியைப் பாருங்கள். 1918 ஜனவரி 28 அன்று பெர்லினின் ஆயுத ஆலைத் தொழிலாளர்கள் சுமார் 4 லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். சில நாட்களில் அது நசுக்கப்பட்டது. பலர் தண்டனையாகப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். தோற்றது என்று எல்லோரும் எழுதினார்கள். ஒன்பது மாதம் கழித்து, நவம்பர் 9 அன்று அதே பெர்லினில் பொது வேலைநிறுத்தம். கீல் துறைமுகத்தின் மாலுமிகள் முன்பே கலகம் செய்திருந்தார்கள். அன்றே கைசரின் முடி போனது. ஜனவரியில் நின்றவர்கள்தான் நவம்பரின் பாதையைப் போட்டார்கள் என்பதில் இன்று சந்தேகமில்லை. 1946 அக்டோபர் 22க்கும் 1947 ஜூலை 30க்கும் நடுவிலும் ஒன்பது மாதம்தான்.

அந்த ஒன்பது மாதத்தில் திவான் எதை இழந்தார்? அமெரிக்கன் மாடலை ஏற்கக்கூடிய ஒரு கட்சியை இழந்தார். ஸ்டேட் காங்கிரஸ் அந்த வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. திவானோடு ஏதாவது உடன்பாடு காணலாம் என்ற சபலம் அதன் ஒரு பகுதிக்கு இருந்தது. வயலாருக்குப் பின் அந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போடுபவன் ரத்தத்தில் கையெழுத்துப் போடுபவனாகிவிட்டான். யாரும் முன்வரவில்லை. சட்டம் தாளில் இருந்தது, நடத்த ஆளில்லை. மகாராஜா எங்கள் பொன்னுத்தம்புரான், கெடுதலெல்லாம் திவான் செய்வது என்ற பழைய நம்பிக்கையும் கரைந்தது. பிறந்தநாள் விழாவின் வெடிச் சத்தத்தோடு கலந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டவர்களிடம் அந்த வேறுபாட்டைச் சொல்லி விற்க முடியாது. துப்பாக்கியால் வென்ற அரசுக்குக் கடைசியில் துப்பாக்கி மட்டுமே மிஞ்சியது.

வெட்டுக்கத்தியும் டெல்லியும்

1947 ஜூன் 11 அன்று திருவிதாங்கூர் ஆகஸ்ட் 15 முதல் சுதந்திர நாடு என்று திவான் அறிவித்தார். பாகிஸ்தானுக்குத் தூதரும் குறிக்கப்பட்டார். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மணல் இந்தத் திட்டத்தின் துருப்புச் சீட்டு. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அங்கே கண்டறிந்த மோனசைட்டில் தோரியம் இருந்தது. அணுகுண்டு வெடித்த உலகத்தில் அந்த மணலுக்கு வல்லரசுகள் காத்திருந்தன. பணம் இருந்தது, துறைமுகம் இருந்தது, பட்டாளம் இருந்தது, தலைசிறந்த சட்ட மூளை இருந்தது. இருந்தும் ஜூலை 30க்குள் எல்லாம் முடிந்தது. ஏன்?

வெட்டுக்கத்தி என்கிறார்கள். கே.சி.எஸ். மணி என்ற அந்த இளைஞர் திருவனந்தபுரம் சங்கீத அகாதமியில் திவானை வெட்டினார், அரண்மனை பயந்தது என்கிறார்கள். ஒரு மனிதனைக் காயப்படுத்தினால் ஓர் அரசு விழுமா? வேரோடிய அரசு என்றால் மறுநாள் இன்னொரு திவான் வந்திருப்பார். தாக்கப்பட்டவர்மீது பரிதாபம் பெருகியிருக்கும். ஊர் திரண்டு வந்து அரண்மனை வாசலில் நின்றிருக்கும். திருவிதாங்கூரில் அப்படி யாரும் வரவில்லை. ஜூலை 13 அன்றே திருவனந்தபுரம் பேட்டையில் கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டிருந்தது. ஸ்டேட் காங்கிரஸ் நேரடிப் போராட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அரசு முழுவதும் ஒரே ஒருவரின் உடம்பில் வந்து நின்றிருந்ததால்தான் அந்த உடம்பில் விழுந்த வெட்டு அரசின்மேல் விழுந்தது. அரசை அப்படி ஒற்றை ஆளாய்ச் சுருக்கியது முந்தைய அக்டோபர். மணி அம்பலப்புழைக்காரர் என்பதையும் நினைவில் வையுங்கள். புன்னப்புரா அங்கிருந்து சில மைல்தான்.

டெல்லி என்கிறார்கள். படேலின் உறுதியையும் மேனனின் திறமையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே டெல்லி, அதே ஜூலை, அதே பேச்சு ஹைதராபாத்தை அசைக்கவில்லை. அங்கே 1948 செப்டம்பரில் படை போக வேண்டியிருந்தது. திருவிதாங்கூருக்கு ஒரு சிப்பாயையும் டெல்லி அனுப்பவில்லை. இரண்டு சமஸ்தானங்களுக்கும் நடுவே பல வேறுபாடுகள் உண்டு. அவற்றில் முக்கியமானது, தனி நாடு என்ற திட்டத்துக்காகத் தெருவில் இறங்கத் திருவிதாங்கூர் அரசிடம் மக்கள் யாரும் மிச்சமில்லை என்பது.

ஆகஸ்ட் 19 அன்று சர் சி.பி. பதவி விலகினார். செப்டம்பர் 4 அன்று மகாராஜா பொறுப்பாட்சியை அறிவித்தார். 1948 பிப்ரவரியில் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த தேர்தலில் ஸ்டேட் காங்கிரஸ் பெருவெற்றி பெற்றது. கம்யூனிஸ்டுகளுக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. இதையும் எதிர்த்தரப்பு சான்றாகக் காட்டும், அவர்கள்தான் முடியாட்சியை வீழ்த்தினார்கள் என்றால் மக்கள் ஏன் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று. வீழ்த்துவதும் ஆள்வதும் வேறு வேறு காரியங்கள். பெத்ரோகிராடிலும் பெண்கள் தெருவைப் பிடித்தார்கள், நாற்காலியை டூமா என்ற நாடாளுமன்றத்தின் கனவான்கள் பிடித்தார்கள். பலன் யாருக்குப் போனது என்பதைக் காட்டிக் காரணம் யார் என்பதை மறைக்க முடியாது. திருவிதாங்கூரில் மறந்த கடன் கொஞ்சம் பிந்தித் திரும்பியது. 1957இல் டி.வி. தாமஸ் கேரளத்தின் அமைச்சரானார். 1998இல் ஒன்றிய அரசு புன்னப்புரா வயலாரை விடுதலைப் போராட்டத்தின் பகுதியாக ஏற்றது.

நாஞ்சில் நாட்டுக்கு இதில் என்ன?

அது மலையாளிகளின் சண்டை, தமிழர்களான நமக்கு என்ன என்று கேட்பவர்கள் இங்கே உண்டு. 1945இல் நாகர்கோவிலில் பிறந்த திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், மார்ஷல் நேசமணி, 1954 ஆகஸ்ட் 11இன் துப்பாக்கிச் சூட்டு உயிர்ப்பலி, தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1 என்று நம் வரலாற்றைத் தனி வரிசையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த வரிசைக்கு நான் தலைவணங்குகிறேன். அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். நீக்க முடியாத ஒரு திவான், சுதந்திரத் திருவிதாங்கூர் என்ற தனி நாடு, அதற்குள் அடைபட்ட நான்கு தமிழ் வட்டங்கள் என்று 1947 போயிருந்தால், தாய்த் தமிழகத்தோடு இணைப்பு என்று யாரிடம் போய் மனுக் கொடுத்திருப்போம்? மாநில மறுசீரமைப்பு ஆணையம் எங்கிருந்து வந்திருக்கும்? அந்தத் தனி நாட்டைப் பிறக்கவிடாமல் செய்தவர்களின் வரிசையில் வயலாரின் தொழிலாளி முதல் ஆளாய் நிற்கிறான். அவன் பேசிய மொழி எதுவானாலும் அந்தக் கடன் நம்முடையது.

ஒத்துழைப்பை மறுத்து அரசை வழிக்குக் கொண்டுவருவது நமக்குப் புதிதும் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டார் ஊர்க்கூட்டம் கூட்டி, காவல் தராத அரசுக்கு வரி தருவதில்லை என்று முடிவெடுத்தது ஓலைகளில் பதிவாகியிருக்கிறது. 1799இல் தலக்குளத்து வேலுத்தம்பி மக்களைத் திரட்டித் திருவனந்தபுரத்துக்கு நடந்து, கொள்ளையடித்த அமைச்சர்களை நீக்க வைத்தார். அவருக்குச் சிலை வைக்கிறோம். அதே காரியத்தை உடைமை எதுவுமில்லாத கயிற்றுக்காரன் செய்தால் அதைத் தூண்டுதல் என்றும் துரோகம் என்றும் சொல்கிறோம். தலைவன் பிரபுவாய் இருந்தால் புரட்சி, கூலியாய் இருந்தால் கலகம் என்ற இந்த அளவுகோலைத்தான் முதலில் உடைக்க வேண்டும்.

மகாராஜா காலத்து நன்மைகளை யாரும் மறுக்க வேண்டியதில்லை. 1936இன் ஆலயப் பிரவேச அறிவிப்பு பெரிய காரியம். திருவனந்தபுரத்திலிருந்து குமரிமுனைக்குப் போட்ட கான்கிரீட் சாலை நல்ல சாலை. கோவிலுக்குள் வரலாம் என்று சொன்ன அரசு, சட்டசபைக்குள் வந்து திவானைக் கேள்வி கேட்கக் கூடாது என்றது. அந்த மறுப்புக்கு எதிராகத்தான் வேலை நின்றது. கொடுத்ததற்கு நன்றி சொல்வதும் மறுத்ததற்குக் கணக்குக் கேட்பதும் ஒரே நாவால் செய்யக் கூடியவைதான்.

எனவே நான் கேட்பது இது. ஒவ்வோராண்டும் நவம்பர் 1 அன்று நம் மாவட்டத்தில் மாலை போடுகிறோம், மேடை போடுகிறோம், பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைக்கிறோம். அந்த மேடைகளில் 1946 அக்டோபர் 22 என்ற தேதியும் சொல்லப்பட வேண்டும். மகாராஜா கொடுத்தார், டெல்லி வாங்கிக்கொண்டது என்று இனியும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. சோற்றுக்கு வழியில்லாத காலத்தில், நீட்டிய போனஸைத் தள்ளிவிட்டு, ஆளும் உரிமை வேண்டும் என்று வேலையை நிறுத்தியவர்கள் இருந்தார்கள், அவர்கள் நிறுத்தியதால்தான் அரசு தளர்ந்தது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். உரிமை மேலிருந்து இறங்கி வந்தது என்று நம்பி வளரும் தலைமுறை, அது மேலிருந்து திருப்பி எடுக்கப்படும்போதும் சும்மாதான் இருக்கும்.